மச்சான் வீட்டு ஆன்டெனா

சகாயநாதன் சார் வீட்டு ஆன்டெனா மேல நகராட்சியில புகார் குடுத்தது வேற யாருமில்ல, எங்க ஹவுஸ் ஓனர் இராமதாஸ்தான்.

கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சாரம்ங்கற எங்க ஏரியாவுல ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே மில்லுல வேலை பாத்தவங்க. மதம் வேறயா இருந்தா என்ன, மச்சான் மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. பொண்டாட்டி போனதுக்கப்புறம் இராமதாஸுக்கு சாயங்கால டீயே சகாயநாதன் வீட்டுலதான். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் புத்தி ஏன் இப்படிப் போவணும்?

சகாயநாதன் சாருக்கு, வீட்டுலேர்ந்தே ஊரு ஒலகத்தோட பேசற ஹாம் ரேடியோன்னா உசுரு. மொட்டை மாடியில தென்னமர ஒசரத்துக்கு ஒரு இரும்புக் கம்பம், உச்சியில ஆன்டெனா. கடக்காத்துல துருப்புடிக்குதுன்னு வாராவாரம் அவரே ஏறித் தொடப்பாரு. வேற யாரையும் தொட விட மாட்டாரு. போன புயல்ல செல்போன் எல்லாம் செத்துக் கெடந்தப்ப, நான் நல்லா இருக்கேன்னு கும்பகோணத்துல எங்கம்மாவுக்குச் சேதி போனதே அந்த ஆன்டெனா வழியாத்தான்.

விடுவேனா? மாடியிலேர்ந்து இறங்கி நேரா கேட்டுட்டேன்.

"ஏங்க, அந்தக் கம்பம் உங்கள என்னங்க பண்ணுச்சு?"

"அது அங்க இருக்கக் கூடாதும்மா சுடர்விழி."

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியல.

புதன்கிழமை நகராட்சி இன்ஜினியர் நிர்மலாதேவி மேடம் வந்தாங்க. தெருவே கூடிடுச்சு. சகாயநாதன் லைசென்ஸை நீட்டுனாரு.

"சென்ட்ரல் கவர்மென்ட் குடுத்ததுங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ரேடியோல பேசறதுக்கு டெல்லியில அனுமதி குடுப்பாங்க சார். மாடியில இவ்ளோ ஒசரக் கம்பம் நிக்கலாமான்னு நாங்கதான் பாக்கணும். கம்பத்த இழுத்துப் புடிக்கிற ஸ்டே கம்பிய கைப்பிடிச் சுவத்துல கட்டியிருக்கீங்க. சுவரு வெடிச்சிருக்கு பாருங்க."

சார் தடவிப் பாத்தாரு. வெடிச்சுத்தான் இருந்துச்சு.

"கம்பத்த எறக்கிடுங்க. ஆன்டெனாவுக்குப் பதிலா தலைக்கு மேல ஒரு கம்பி இழுத்துக் கட்டிப் பேசிக்கிங்க. அதுக்கு நாங்க வர மாட்டோம்."

சாரோட மூஞ்சி செத்துப் போச்சு. "சரி. நானே ஏறிக் கழட்டிடறேன்"ன்னாரு.

அதுவரைக்கும் ஓரமா நின்ன இராமதாஸ் பாஞ்சு முன்னால வந்தாரு.

"அவரு ஏறக் கூடாது மேடம்! உங்க ஆளுங்களே ஏறிக் கழட்டட்டும்!"

அடப்பாவி! ஆசையா நட்டவன் கையால கழட்டக்கூட விட மாட்டியா? தெருவுல எல்லாரும் வாய்க்கு வந்தபடி ஏசுனாங்க. எதுத்த வீட்டு தனக்கொடி அக்கா, "நீயெல்லாம் மனுஷனா?"ன்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டாங்க. நானும் சும்மா இல்ல. அவரு தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னாரு. ஆனா சொன்னத மாத்தல.

நகராட்சி ஆளுங்களே ஏறிக் கழட்டி, கயித்துல கட்டி எறக்குனாங்க. சகாயநாதன் சார் கண்ணு கலங்கிப் போச்சு. இராமதாஸ் பக்கம் திரும்புனாரு.

"மச்சான்னு கூப்பிட்ட வாயி இது. இனிமே என் வாசப்படிய மிதிச்சிடாத."

மறுவாரம் மாடியில கம்பி கட்டியாச்சு. முன்ன மாதிரி தூரமா எட்டலன்னு குறை இருந்தாலும், சாரோட குரல் திரும்பக் கேக்க ஆரம்பிச்சுது. இராமதாஸோடதான் பேச்சு வார்த்தை இல்ல. தெருவுலயும் யாரும் அவருக்கு மூஞ்சி குடுக்கல. சாயங்காலமானா அவரே டீயப் போட்டு, ஒண்டியா உக்காந்து குடிப்பாரு.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. இப்படிப்பட்ட ஆள் வீட்டுல குடியிருக்கவே கூடாது, வேற வீடு பாத்துக்கறேன்னு சொல்லிடலாம்னு ஞாயித்துக்கெழம சாயங்காலம் இறங்குனேன்.

பின்பக்கம் யாரோ அழற சத்தம். படியிலயே நின்னுட்டேன். சகாயநாதன் சாரோட சம்சாரம் பெர்னதெத் அம்மா. பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருப்பாங்க போல, தலையில முக்காடு.

"எனக்குத் தாங்கலண்ணே. நான் சொல்லித்தான நீங்க புகார் குடுத்தீங்க? பாதிக் கம்பத்துல கண்ணு இருட்டி, அதையே கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்ன மனுஷன். அடுத்த வாரமே திரும்ப ஏறுறாரு. டாக்டர் சொல்லியும் கேக்கல, நான் அழுதும் கேக்கல. வேற வழி தெரியாமத்தான் உங்ககிட்ட ஓடி வந்தேன். இப்ப தெருவே உங்களக் காறித் துப்புது. நான்தான் சொன்னேன்னு இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடறேண்ணே."

"அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாத தங்கச்சி."

"ஏண்ணே? நீங்க எதுக்குப் பழி சுமக்கணும்?"

இராமதாஸ் மெதுவாச் சொன்னாரு.

"எங்கிட்ட பேசலன்னா மச்சானுக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது, ரேடியோல பேச ஒலகம் பூரா ஆளு இருக்கு. அவரு உங்கிட்ட பேசலன்னா, புள்ளகுட்டி இல்லாத அந்த வீட்டுல நீ யார்கிட்டம்மா பேசுவ?"