கட்டிலுக்குக் கீழே கிடந்த பலகை

“என்ரை பலகையிலை கை வைச்சவன் ஆர்?”

குருநகர் முழுக்கக் கேட்கும்படி கத்தினார் சவிரிமுத்து. அவருடைய கட்டிலுக்குக் கீழே நான்கு வருடமாகக் கிடந்த பழைய வள்ளத்துப் பலகைகள், முற்றத்தில் தச்சு மேசையாக நின்றன.

“நான்தான், அப்பா. சும்மா கிடந்த உடைசல்தானே? மரம் வைச்சு அறுக்க, சீவ ஒரு மேசை செய்தனான்,” என்றான் மகன் ஜெரிசன்.

“உடைசலோ? அளந்து வைச்சதடா அது!”

“வேறை பலகை வாங்கித் தாறன். கத்தாதேங்கோ.”

“உன்ரை பலகை ஆருக்கு வேணும்? அது என்ரை வள்ளமடா!”

சவிரிமுத்து மேசையில் ஏறி மல்லாந்து படுத்தார். முழங்காலுக்குக் கீழே கால்கள் வெளியே தொங்கின.

“வந்து பார்! என்ரை சவப்பெட்டிக்கு வைச்சதை இவ்வளவு கட்டையா அறுத்துப்போட்டாய். காலை மடிச்சோ என்னைப் புதைக்கப் போறாய்?”