உள்பக்கம் கறுத்த கற்கள்

தீ அடங்கிப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. காட்டுத்தீயை ஆராய வந்திருந்த நர்மதா சாம்பலில் குந்தியபடி கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தீ வந்த பக்கம்தான் கல் கறுக்கும். சரிவு முழுக்க மேற்குப் பக்கம் கறுத்திருந்தது. நேற்று தீக்காவலர்கள் நான்கு பேரும் உயிர் தப்பி நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் கற்கள் நடுவைப் பார்த்த உள்பக்கம் கறுத்திருந்தன. அங்கே தீ நடுவிலிருந்து வெளியே போயிருக்கிறது.

"மலையம்மா காப்பாத்துனா மேடம். அப்படியே எழுதிக்கோங்க," என்றான் அந்த நால்வரில் ஒருவனான வேலப்பன்.

"மலையம்மா தீப்பெட்டி வச்சிருந்தாளா?"

யாரும் சிரிக்கவில்லை. தீப்பெட்டியோடு காட்டுக்குள் நுழைந்தால் வேலை போய்விடும். தினமும் பைகளைச் சோதித்து அனுப்பும் வனச்சரகர், குறிப்பேட்டோடு பக்கத்திலேயே நின்றார்.

நர்மதாவின் குரல் தாழ்ந்தது. "அடுத்த வாரம் அறுபது புதுக் காவலருங்க வர்றாங்க. பெருந்தீ நெருங்குறதுக்குள்ள புல்லை நாமே எரிச்சு, எரிஞ்ச இடத்துல ஏறி நின்னுக்கணும்னு அவங்களுக்கு யாராவது சொல்லித் தரணும். எனக்கு அது புத்தகத்துலதான் தெரியும்."

காவலர்களில் மூன்று ஆண்களும் நான்காமவளான மாசாணியைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். வனச்சரகர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மாசாணி கொண்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு தீப்பெட்டி விழுந்தது.

"பீடிக்குன்னு வச்சிருந்தேன் சார். நாந்தான் புல்லைப் பத்தவச்சேன்."