துண்டுக்கு அடியில்

ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தனபால் தன் பந்தயப் பொம்மைப் படகின் ரிமோட் பின்மூடியைத் திறந்து, நான்கு பேட்டரிகளையும் கழற்றி ஜன்னலில் வைத்தார். "போட்டி முடிஞ்சா கழட்டிப் போடோணும். இல்லாட்டி உள்ளயே ஒழுகிரும்" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் சொல்வதுதான். அரிசி களைந்துகொண்டே, "செரிங்க" என்றேன்.

கஞ்சிக்கோட்டு ரோட்டில் ஒரு லாரி. அவர் ஃபேக்டரிக்குப் போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு நான் வாசல் தாண்டவில்லை. மழை பெய்து ஏரி நிறைந்தது. படகு கிளப்பின் அடுத்த சீசனும் வந்தது. ஐப்பசி வரை ஞாயிறுதோறும் போட்டி.

"தனபாலு படகை இந்த வருசம் நானே ஓட்டறேன்" என்றார் மாமனார் ஆறுமுகசாமி, என் பக்கம் கையைக் காட்டி. "கிருத்திகா கூட வரட்டும். எனக்கு அத்தனை தூரம் கண்ணு தெரியறதில்ல."

"பொறந்ததுலருந்து மாட்டைத் தவிர எதையும் ஓட்டாத மனுசன்" என்றார் அத்தை நாச்சம்மாள். "உங்களுக்குக் கிறுக்குன்னா, அவளை ஏனுங்க ஆம்பளைக நடுவுல கொண்டுபோயி நிறுத்தறீங்க?"

"அப்ப நீ வாறயா? படகு செருகிக்கிச்சுன்னா தண்ணிக்குள்ள எறங்கி எடுக்கோணும்."

அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார்.

மாமாவுக்குக் கை நடுங்கும். அவர் ஓட்டினால் முதல் திருப்பத்திலேயே படகு கோரைப் புல்லுக்குள் செருகிவிடும். மகனின் படகை அவன் சிநேகிதர்கள் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று மனிதர் உடைந்துபோவார்.

ஒரு படகு ஒரு ரிமோட்டின் பேச்சைத்தான் கேட்கும். அதனால் அவருக்குத் தெரியாமல், தனபாலின் பழைய ரிமோட்டோடு படகை ஜோடி சேர்த்தேன். கல்யாணமான புதிதில் அவர் எனக்குக் கற்றுத் தந்த வேலை. அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். அவர் கை அசையும்போது, பைக்குள் என் விரல் அசையும்.

சனிக்கிழமை தவறாமல் மாமா பக்கத்திலிருக்கும் சித்தூர் போய்ப் புது பேட்டரி வாங்கி வருவார். என்னிடம் இருந்தது பழைய ரிமோட். ஆனாலும் சீசன் முழுக்க ஒருமுறைகூட அதன் பேட்டரி ஓயவில்லை. தனபால் கைபட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் படகு இரண்டாவதாக வந்தது. நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், மாமா படகைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபைனல் அன்றும் மாமா வழக்கம்போல ரிமோட்டின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். எதிர்ப் போட்டியாளர் சென்னியப்பன் சிரித்தார். "ஏனுங்க மாமா, அதுக்கும் வெயிலடிக்குதுங்களா? கொடை வேணாத் தரட்டுங்களா?"

"நீ உன்ற படகைப் பாரு. போன வாரம் கொண்டுபோயி எருமை மேல ஏத்துனவன்தான நீ."

கிளப் செயலாளர் ஜோமோன் ஒவ்வொரு படகாகச் சோதித்தபடி வந்தார். தனபாலோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். "அங்கிள், சுக்கானை ஒண்ணு திருப்பிக் காட்டுங்க."

துண்டு அசைந்தது. பைக்குள் என் விரலும் அசைந்தது. சுக்கான் இடது பக்கம் திரும்பியது. "போதும் அங்கிள்" என்று அவர் நகர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசிச் சுற்றில் சென்னியப்பனின் படகும் எங்கள் படகும் மட்டுமே முன்னால் போயின. கடைசி மிதவையில் எல்லோரும் அகலமாக வளைப்பார்கள். தனபால் மட்டும் மிதவையை உரசுகிற மாதிரி உள்ளே ஒடிப்பார். என் விரல் தானாக அப்படியே ஒடித்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு திரும்பியது.

"தனபால்" என்றார் ஜோமோன், கையில் மைக் இருப்பதை மறந்து.

மாமா ரிமோட்டை மடியில் விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். படகு அப்போதும் நேராக ஓடி, கோட்டைத் தாண்டியது.

சென்னியப்பன் மாமாவின் வெறும் கைகளைப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். "நீங்கதான் ஜெயிச்சீங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் படகை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கினார்.

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்குங்க மாமா. இத்தனை வாரமும் நான்தானுங்க ஓட்டுனேன்."

அவர் துண்டை விலக்கினார். ரிமோட்டைத் திருப்பிப் பின்மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நான்கு குழிகளும் காலியாக இருந்தன, தனபால் கழற்றிய அன்று இருந்த மாதிரியே.

"அவன் கழட்டுனது. மறுபடி போட எனக்குக் கை வரல."

"அப்ப வாரா வாரம் சித்தூருல வாங்குனதுங்க?"

"உன்ற பைக்குள்ள, ரிமோட்டுல இருக்குது கண்ணு."