சகலையின் ஃபேக்ஸ் நம்பர்

சகலையின் விசிட்டிங் கார்டில் ஆன்லைன் ஃபேக்ஸ் நம்பரைப் பார்த்ததிலிருந்து வீட்டுத் தரகருக்கு வயிறு எரிந்தது. மாமனார் வேறு அந்தக் கார்டை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பூரித்துக்கொண்டிருந்தார். தானும் ஒரு ஃபேக்ஸ் நம்பர் வாங்குவதென்று தரகர் முடிவு செய்தார்.

"உங்களுக்கு எப்பவோ ஒரு ஃபேக்ஸ்தானே வரும்? பக்கத்துக்கு இவ்வளவுன்னு கட்டுற சர்வீஸே போதுங்க" என்றாள் மனைவி.

"அவர் எது வச்சிருக்கார்?"

"மாசச் சந்தாவாம்."

"அப்ப எனக்கு வருஷச் சந்தா."

"பொறாமைக்குச் சந்தா கட்டுற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

வாங்கிய கையோடு முதல் ஃபேக்ஸைச் சகலைக்கே அனுப்பினார்: 'இனி எனக்கும் உண்டு. அதுவும் வருஷச் சந்தா.'

உடனே சகலையிடமிருந்து போன் வந்தது.

"சகலை, வாங்கினதுலேருந்து எனக்கு வந்த முதல் ஃபேக்ஸ் இதுதான். மாமா கேட்டா என்ன காட்டுறதுன்னு தவிச்சுட்டிருந்தேன். நாளைக்கும் ஒண்ணு அனுப்புவீங்களா?"