பத்து மீட்டர்

முதல் போட்டிக்கு நான்கே நாள். கத்திக் கத்தி நீச்சல் கோச் கிறிஸ்துராஜின் தொண்டை கட்டிவிட்டது.

"நேராப் போ! திரும்பாத!"

தமிழ்வாணி திரும்பிவிட்டாள். குதித்ததும் அம்பாகப் பாய்கிற பிள்ளைதான். பத்து மீட்டர் தாண்டியதும் சட்டென்று சுருண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறாள். ஒரு மாதமாக இதே கூத்து. வீட்டிலும் பயிற்சி எடுக்கச் சொன்ன பிறகு இன்னும் மோசம்.

நீச்சல் குளம் அந்த இடத்தில்தான் ஆழமாகிறது. ஆறடித் தண்ணீருக்குப் பயப்படுகிற பிள்ளையோடு மாரடிக்க அவருக்கு இனித் தெம்பில்லை. பட்டியலிலிருந்து பெயரை அடித்தார். பெற்றவரிடம் நேரில் சொல்லிவிடலாமென்று மறுநாள் காலையிலேயே கொட்டாம்பட்டிக்கு பைக்கை விட்டார்.

"உங்க பொண்ணுக்கு ஆழம்னா பயம்ணே. போட்டிக்கு வேணாம்."

தோட்டத்தில் நின்ற ஆண்டிச்சாமி பதறிப்போனார். "எம் மகளுக்கா பயம்? நீங்க சொன்னதுலேர்ந்து தெனமும் விடிஞ்சதும் நூறு தடவ நீந்துறா சார். வந்து பாருங்க."

பம்புசெட் ரூமின் உச்சியிலிருந்து தமிழ்வாணி கிணற்றுக்குள் குதித்தாள். எட்டிப் பார்த்த கிறிஸ்துராஜுக்குத் தலை சுற்றியது.

"எம்புட்டு ஆழம்ணே?"

"எம்பது அடி சார். ஆழத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, அகலந்தான் பத்தல. கண்ண மூடிக்கிட்டு எட்டுக் கை போட்டா எதுத்த செவுரு வந்துருது. திரும்பித்தான சார் ஆகணும்?"