பொடியன்தானே, விடுங்கோ

சுவரில் ஒட்டியிருந்த தனுஷனின் படத்தைக் கழற்றக் கை நீட்டிய நவரத்தினத்தை ரஜனி ஓடிவந்து தடுத்தாள்.

“இது மகன்ட அறை. அவன் ஆசையா ஒட்டின படம். உங்கட கோவத்தை ரோட்டோட வச்சுக்கொள்ளுங்கோ.”

போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜன்ட் நவரத்தினம் மனைவி சொன்னதும் கையை இறக்கினார். படத்தில் விக்கெட் விழுந்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தான் தனுஷன். கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் டென்னிஸ் பந்து எறிந்து வளர்ந்து, தேசிய அணிக்கே போய்விட்ட வேகப் பந்து வீச்சாளன். முந்தாநாள் வெள்ளவத்தை மரைன் டிரைவில் புதுக் காரை நூற்றிப்பத்து கிலோமீற்றர் வேகத்தில் விரட்டிவந்து, நேரே இவர் கையில் மாட்டினான்.

“சொறி அங்கிள், காரை ஒருக்கா ஓடிப் பாத்தனான். இனி மெதுவாப் போறன்” என்று கண்ணாடியை இறக்கிச் சிரித்தான்.

அப்படி ஒரு சிரிப்பை நவரத்தினம் முன்பும் ஒருமுறை கண்டிருந்தார். கூட நின்ற கான்ஸ்டபிள் செல்ஃபி எடுக்கப் போனை வெளியே எடுப்பதற்குள் லைசன்ஸை வாங்கி வழக்கு எழுதிவிட்டார்.

அன்றிலிருந்து ஏச்செல்லாம் அவருக்குத்தான். ‘பந்து நூற்றி நாப்பதில போகலாம், கார் போகக்கூடாதா?’ என்று பேஸ்புக்கில் ஒருவன் நியாயம் கேட்டான். நவரத்தினத்தின் படத்தைத் தெருவுக்குக் குறுக்கே படுக்கவைத்து ‘ஸ்பீட் பிரேக்கர்’ என்று எழுதிப் போட்டிருந்தான் இன்னொரு கலைஞன். ‘தமிழன் ஒருத்தன் மேல வந்தா, காலை வார இன்னொரு தமிழன் வராமலா போவான்?’ என்ற வரிக்கு லைக் மழையாய்க் கொட்டியிருந்தது.

காலையில் இடியப்பம் வாங்கப் போனார். தட்டில் ஆவி பறக்க அடுக்கி வைத்துக்கொண்டே, “முடிஞ்சுது சேர்” என்றார் கடைக்காரர்.

வேடிக்கை என்னவென்றால், போன வருடம்வரை இதே மனிதருக்குக் ‘கமக் நே சார்ஜன்ட்’ என்றுதான் பெயர். யாரைப் பிடித்தாலும், “கமக் நே மல்லி, மெதுவாப் போ” என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவார். பரவாயில்லை தம்பி என்று சிங்களத்தில் தாராளமாகச் சொன்ன அந்த வாய், இப்போது யார் கெஞ்சினாலும் இரங்குவதில்லை. பதவி உயர்வு கைநழுவியதில் மனிதர் கசந்துபோனார் என்று கூட வேலை செய்தவர்கள் தங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்கள்.

கீழே தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமியது. இரண்டு நாளாக ரசிகர்கள் அவரை வெறுப்பேற்ற இப்படித்தான் வாசலில் உறுமவிட்டுப் போகிறார்கள். அது தெரிந்தும் நவரத்தினம் பால்கனிக்கு ஓடினார். எட்டிப் பார்த்தவர் முகம் செத்துத் திரும்பி வந்தார்.

“அந்தக் காவாலியள்தான். சத்தம் கேக்கிற நேரமெல்லாம் ஏன் இப்பிடி ஓடுறீங்கள்?” என்றாள் ரஜனி. அவள் குரலில் இப்போது கோபம் இல்லை.

“தெரியும். கால் கேக்குதில்லை.”

அழைப்பு மணி அடித்தது. வாசலில் தனுஷன் ரசிகர் மன்றச் செயலாளர் சூசைதாசன், கையில் பெரிய கேக் பெட்டியோடு நின்றான். பகைத்துப் பார்த்தாயிற்று, இனிப் பணிந்து பார்ப்போம் என்று வந்திருக்கிறான் போல.

“சேர், நாளைக்குக் கோட்ஸுக்கு வழக்குப் போகுதாம். போனா தனுஷனை டூருக்கு எடுக்கமாட்டாங்கள். நீங்கள் அந்தப் பேப்பரைக் கிழிச்சா எல்லாம் முடிஞ்சுது. அவன்ட எதிர்காலமே உங்கட கையிலதான் இருக்கு.”

“ஓம். அதாலதான் கிழிக்கேலாது.”

“ஆரும் சாகேல்லையே சேர்! ஆருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.”

“இன்னும் இல்லை.”

“பொடியன்தானே, விடுங்கோ.”

நவரத்தினம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முன்பு ஒருமுறை அவர் இரங்கிப்போன சொற்கள், எத்தனையோ இரவுகளாக அவரைத் தூங்கவிடாத சொற்கள் அவை. யாரோ காதோடு வாய் வைத்துத் திரும்பச் சொன்னதுபோல அவருக்குக் கேட்டது.

“கேக்கைக் கொண்டு போங்கோ தம்பி. வழக்கு வழக்குத்தான்.”

சூசைதாசனின் பணிவு அத்தோடு தீர்ந்தது. “உங்களுக்கும் பிள்ளையள் இருக்குந்தானே?” என்றான் சூடாக.

உள்ளே நின்ற ரஜனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். அவளைப் பார்த்தபடியே நின்றார் நவரத்தினம்.

“வாயைத் திறந்து சொல்லுங்கோ சேர். அண்டைக்கு அந்த வேகத்தில வந்தது உங்கட சொந்த மகனெண்டா, விட்டிருக்க மாட்டீங்களோ?”

நவரத்தினம் மெல்லத் திரும்பினார்.

“விட்டனான், தம்பி. பிறகு கனத்தை மயானத்திலயும் நான்தான் கொண்டுபோய் விட்டனான்.”