சிவராமகிருஷ்ணன் கேட்ட கம்பி

“செம்புக் கம்பி இருக்கறச்சே எவனாவது அலுமினியம் கேப்பானா, ஜலஜா? ஏஜெண்டுகிட்ட ஏதோ வாங்கியிருக்கான்!”

கல்கத்தா பவானிபூர் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தபடி பட்டாபிராமன் பொருமினார்.

“உங்க சிநேகிதரா? இருக்காது,” என்றாள் அவர் மனைவி ஜலஜா.

அது 1913. ஹூக்ளிக் கரைச் சணல் மில்லில் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு, மின்சார மோட்டார் வைத்துக்கொண்டிருந்த காலம். பட்டாபிராமன் ஸ்டோர் குமாஸ்தா. அவர் சிநேகிதர் சிவராமகிருஷ்ணன் மின்சார சூபர்வைசர்; அவர் எழுதிக் கேட்கிற சாமானை வரவழைப்பது இவர் வேலை. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே டிராமில் திரும்புவார்கள். ஆளுக்கொரு சந்தேஷ் மிட்டாய், வழி முழுக்கச் சிரிப்பு. எத்தனையோ வருஷம் கழித்தும், கல்கத்தா என்றால் பட்டாபிராமனுக்கு அந்த டிராம்தான் ஞாபகம் வரும்.

மறுநாள் டிராமிலேயே கேட்டுவிட்டார்.

“அலுமினியம்னா கம்பி தடிமனா வேணும், மூட்டு தளர்ந்து சுடும்னு நீர்தானே ஓய் சொன்னீர்?”

“சொன்னேன். வாராவாரம் நானே ஏறி முறுக்கிடறேன்.”

“விலை ரொம்பக் குறைச்சலோ?”

“அப்படி ஒண்ணும் இல்லை.”

“பின்னே ஏன்?”

“விடும் ஓய்.”

அந்த ‘விடும்’தான் பட்டாபிராமனை உறுத்தியது. மானேஜர் துரைக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டார்.

விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. கம்பி இழுத்து முடிந்த மாசமே, சிவராமகிருஷ்ணனுக்குக் கம்பெனியின் ரங்கூன் கிளைக்கு மாற்றல் வந்தது.

கப்பல் துறையில் வழியனுப்பப் போன பட்டாபிராமனுக்கு மனசு கேட்கவில்லை.

“இப்பவாவது சொல்லும். ஏன் அலுமினியம்?”

சிவராமகிருஷ்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“போன வருஷம் ஷாக் அடிச்சு ஒரு கூலி செத்தானே, சுக்தேவ்...”

“ஆமாம். வேலையில விபத்துன்னு துரை அவன் பெண்டாட்டிக்கு உதவித்தொகை கொடுத்தாரே.”

“விபத்து இல்லை ஓய். விளக்குக்கு இழுத்திருந்த செம்புக் கம்பியை வெட்டி விக்கப் போயிருக்கான். கையில ரம்பம் இருந்தது. நான்தான் எடுத்து ஒளிச்சேன். திருட்டுன்னு தெரிஞ்சா, மூணு குழந்தையோட அவ தெருவுல நிப்பா.”

“அதுக்காகவா அலுமினியம்?” என்றார் பட்டாபிராமன்.

“மறுபடியும் செம்பு போட்டா, பசிக்கு இன்னொருத்தன் ஏறுவான். இந்த அலுமினியக் கம்பியைப் பழைய சாமான் கடையில எவனும் தொடமாட்டான். இதையெல்லாம் துரைகிட்ட எப்படிச் சொல்றது?”

“சிவராமா, அந்தக் கடிதாசி...” என்று ஆரம்பித்தார் பட்டாபிராமன்.

சிவராமகிருஷ்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“துரை என்கிட்ட காட்டினார். ‘இது யார் கையெழுத்து, தெரியுமா’ன்னு கேட்டார். தெரியாதுன்னு சொல்லிட்டேன், பட்டாபி.”